எந்தப் பதிவை எடுத்துக்கொள்வது?

கேள்வி: ஆய்வேட்டுக்காகக் கொரோனா வைரஸின் மரபணு வரிசையை ஜென்பேங்க் தரவுத்தளத்தில் தேடினேன். லட்சக்கணக்கான பதிவுகள் வருகின்றன; எதை இறக்கிக்கொள்வது? ஆர்.என்.ஏ. வைரஸ் என்கிறார்கள்; ஆனால் ‘யூ’ இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் ‘டி’ இருக்கிறதே, கோப்பே தவறா?
– முதுகலை மாணவி ஒருவர்

பதில்: கோப்பில் தவறில்லை. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் பிரதி செய்த பின்னரே பெரும்பாலும் இயந்திரம் அதனை வாசிக்கிறபடியாலும், எல்லா வரிசைகளையும் ஒரே விதமாக எழுதிவைப்பது தரவுத்தளங்களின் சம்பிரதாயமாகையாலும், அங்கே ‘டி’ என்றிருப்பதை ‘யூ’ என்று கொள்வதே முறை.

எதை எடுப்பது என்பதுதான் யோசிக்கத்தக்க விஷயம். 1982-இல் அமெரிக்காவில் தோன்றி, ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள சகோதர ஸ்தாபனங்களுடன் பதிவுகளை நாள்தோறும் பரிமாறிக்கொள்ளும் ஜென்பேங்க், சமர்ப்பித்தவர் கொடுத்ததைக் காத்துவைக்கும் பண்டகசாலையேயன்றி, அதன் குணதோஷங்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் நியாயஸ்தலம் அன்று. ஆகவே, வாசிக்க முடியாத பகுதிகளெல்லாம் ‘என்’ என்ற எழுத்தால் நிரம்பிய அரைகுறைப் பதிவும் நல்ல பதிவுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும். 2020 ஜனவரியில் ஜாங் யோங்ஜென் குழுவினரின் உழைப்பால் உலகுக்குக் கிடைத்த அந்த முதல் வூஹான் வரிசைக்கே திருத்தம் வேண்டியிருந்தது என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்வானேன்! எம்.என். 908947.3 என்ற அதன் எண்ணில் புள்ளிக்குப் பின்னுள்ள 3, மூன்றாம் பதிப்பென்பதைக் காட்டும். 29,903 எழுத்துகள் கொண்ட அவ்வரிசையே என்.சி. 045512.2 என்ற எண்ணில் ஆதார வரிசையாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு அதனை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது, தலைப்பு வரி ஒன்றும் எழுத்துகளும் மட்டுமே கொண்ட ஃபாஸ்டா கோப்புடன் திருப்தியடைந்துவிடுவது மாணவர் பலரிடம் காணும் வழக்கம். எனக்கு அது உவப்பானதன்று. மாதிரி எந்நாட்டில், எந்நாளில், எவ்வுயிரிடமிருந்து எடுக்கப்பட்டது, எந்த மரபணு எவ்விடத்தில் தொடங்குகிறது என்பனவெல்லாம் முழுப் பதிவிலேயே கிடைக்கும். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஸ்எய்ட் என்ற மற்றொரு களஞ்சியத்தில் பெயரைப் பதிந்து, வரிசையைத் தந்தவர்களை அங்கீகரிப்பதாக உடன்பட்ட பின்னரே அனுமதி உண்டு. அங்கே எடுத்ததை மறுபடி வெளியில் விநியோகிக்கலாகாது. சிலர் இதனைக் கெடுபிடி என்பர். மாதிரி தந்த நாட்டுக்குப் பலன் போய்ச் சேராமையால் இந்தோனேஷியா ஒரு காலத்தில் பறவைக் காய்ச்சல் மாதிரிகளை அனுப்ப மறுத்ததை எண்ணிப் பார்த்தால், நிபந்தனை நியாயமே என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வேட்டில் பதிவு எண்ணைப் பதிப்பு இலக்கத்தோடும், இறக்கிய தேதியோடும் தவறாமல் எழுதுங்கள்.