வெளிநாட்டு மாணவர்களும் நமது வியாபாரமும்

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, வேலப்பன்சாவடி சவீதா, ஆவடி வேல்டெக் ஆகிய கல்வி நிறுவனங்களில் வெளிநாட்டு மாணவர்களும் படிக்கின்றனர். இந்தியா முழுவதும் 2021-22ல் சுமார் 46,900 வெளிநாட்டு மாணவர்கள் இருந்ததாக மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு கூறுகிறது. நேபாளத்தினரே அதிகம். மேலும் மாணவர்களை ஈர்க்க 2018ல் 'ஸ்டடி இன் இந்தியா' திட்டம் தொடங்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன லாபம்?

சரக்கைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் அந்நியச் செலாவணி வரும். மாணவர் இங்கு வந்து படித்தாலும் அதேதான். ஆஸ்திரேலியாவில் இரும்புத் தாது, நிலக்கரி போன்றவற்றோடு கல்வியும் பெரிய ஏற்றுமதி வருமானமாகக் கணக்கிடப்படுகிறது.

உதாரணமாக, 100 மாணவர்கள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் தலா ரூ.15,000 செலவிட்டால், பத்து மாதத்தில் ரூ.1.5 கோடி. வீட்டு உரிமையாளர், மெஸ், ஜெராக்ஸ் கடை, ஆட்டோ, மளிகை என்று அது பிரியும். மெஸ்ஸுக்குச் சமையலாள் வேண்டும்; மளிகைக்கு டெலிவரி பையன் வேண்டும். உள்ளூரில் வேலைவாய்ப்பு பெருகுவது இப்படித்தான். ஆனால் கல்லூரி விடுமுறையில் விற்பனை படுத்துவிடும். சீக்கிரம் கெடும் சரக்கை அப்போது குறைத்துக் கொள்முதல் செய்வது நல்லது.

கவனிக்க வேண்டியவை:

1. மாணவர் விசாவில் வந்தவரைச் சம்பளத்துக்குக் கடையில் வைக்கக் கூடாது. அவருடைய விசாவே பறிபோகும். நமக்கும் வழக்கு வரும். நேபாளத்தினருக்கு விசா தேவையில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அவர்கள் நிலை வேறு.

2. மாடியை வாடகைக்கு விடுவோர், வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்திற்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் தகவல் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கி வைக்கவும்.

3. டாலர் நோட்டு நீட்டினால் வாங்க வேண்டாம். 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி, அதை மாற்ற அனுமதி பெற்ற இடங்கள் மட்டுமே உண்டு.

4. எடையும் விலையும் எல்லோருக்கும் ஒன்றே. பாஷை தெரியாதவர் என்று இரண்டு ரூபாய் கூட்டினால், மறுநாள் அவருடைய அறையிலுள்ள நால்வரும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பில் கொடுங்கள், விலையை எழுதி ஒட்டுங்கள்.

மூன்று, நான்கு ஆண்டுகள் தங்கும் வாடிக்கையாளர் இவர். ஊர் திரும்பும்போது தம்பியையும் நண்பனையும் இங்கே படிக்க அனுப்புவதா என்று யோசிப்பார். அந்த யோசனையில் நம் கடைத்தெருவின் நாணயத்துக்கும் பங்கு உண்டு.