ஒரே வீடு, ஒரே வைரஸ், வெவ்வேறு விளைவு: மரபியலையும் நோய்த்தடைக்காப்பையும் இணைத்துக் கற்பித்தல்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபியலை ஒரு பாடமாகவும் நோய்களை வேறொரு பாடமாகவும் நடத்துகிறோம். முன்னது மெண்டலின் பட்டாணிச் செடியைச் சுற்றி வருகிறது; பின்னது கிருமிகளையும் அறிகுறிகளையும் சுற்றி வருகிறது. மாணவர்களின் கேள்வியோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. "வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. தங்கைக்குத் தும்மல்கூட இல்லை. மாமாவை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏன் டீச்சர்?"

வயது, நீரிழிவு போன்ற பிற நோய்கள், உடலில் புகுந்த வைரஸின் அளவு, தடுப்பூசி ஆகியவை முதன்மைக் காரணங்கள். இவற்றோடு மரபணுக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை விளக்க நான் மூன்று மரபணுக்களை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் நாம் ஏற்கெனவே நடத்தும் ஒரு கருத்தோடு இணைகிறது.

1. எச்.எல்.ஏ. மரபணுக்கள் – மரபுக் கடத்தல்

வைரஸ் புகுந்த செல், அதன் புரதத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது; கடைக்காரர் உள்ளே இருக்கும் சரக்கின் மாதிரியை வாசலில் தொங்கவிடுவது போல. தொங்கவிட உதவும் கொக்கிகளே எச்.எல்.ஏ. புரதங்கள். டி லிம்போசைட்டுகள் அவற்றைப் பார்த்து, அந்நியத் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லை அழிக்கின்றன. எலிகளில் இச்செயல்முறையைக் கண்டறிந்த பீட்டர் டோஹர்ட்டி, ரால்ஃப் சிங்கர்நாகல் இருவரும் 1996-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கொக்கியின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் எந்த வைரஸ் துண்டு யாரிடம் நன்றாகப் பொருந்தும் என்பதும் மாறும். எடுத்துக்காட்டாக, எச்.எல்.ஏ.-பி57 வகை உடைய பலருக்கு எச்.ஐ.வி. தொற்று எய்ட்ஸாக முற்றுவது தாமதமாகிறது.

வகுப்பறைச் செயல்பாடு: தந்தைக்குச் சிவப்பு, நீலம், தாய்க்கு மஞ்சள், பச்சை என அட்டைகளை இரு பெட்டிகளில் போடுங்கள். ஒவ்வொரு மாணவரும் பெட்டிக்கு ஒன்றாக இரு அட்டைகளை எடுத்து, நிறங்களைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போடட்டும். நான்கு சேர்க்கைகள் கிடைக்கும். எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் நெருங்கி அமைந்திருப்பதால் பெரும்பாலும் இப்படித் தொகுப்பாகவே கடத்தப்படுகின்றன. உடன்பிறந்த இருவருக்கு இரண்டு தொகுப்புகளும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்புதான் என்பதை மாணவர்களே கரும்பலகையில் எண்ணிச் சொல்வார்கள். "ஒரே வீட்டில் ஏன் வேறுபாடு?" என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே கிடைத்துவிடும்.

2. சி.சி.ஆர்.5 மரபணு – சடுதிமாற்றம்

எச்.ஐ.வி. வெள்ளையணுவின் சி.டி.4 புரதத்தைப் பற்றி, பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்னும் புரதத்தின் துணையோடு உள்ளே நுழைகிறது. சிலரது சி.சி.ஆர்.5 மரபணுவில் 32 கார இணைகள் இல்லை. 32 என்பது 3-ஆல் வகுபடாத எண். ஆகவே மும்மைக் குறியீட்டை வாசிக்கும் ஒழுங்கே குலைந்து, முழுமையான புரதம் உருவாவதில்லை. இந்த வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு எச்.ஐ.வி. எளிதில் தொற்றுவதில்லை என்பது 1996-இல் தெரியவந்தது. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர் இத்தகையோர். இந்தியாவில் இது மிக அரிது.

பெர்லினில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற திமோதி ரே பிரவுன் என்பவருக்கு, இத்தகைய ஒரு கொடையாளரின் குருத்தணுக்கள் 2007-இலும் 2008-இலும் செலுத்தப்பட்டன. எச்.ஐ.வி.யிலிருந்து குணமடைந்த முதல் மனிதராக அவர் அறியப்படுகிறார்.

இதே மாற்றம் உடையவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால், நோய் கடுமையாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதை மாணவர்களிடம் தவறாமல் சொல்லுங்கள். ஒரு கிருமிக்கு எதிரான கவசம் இன்னொன்றுக்கு ஓட்டையாகிறது. "நல்ல மரபணு, கெட்ட மரபணு" என்று பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

3. டி.எல்.ஆர்.7 மரபணு – பால் சார்ந்த கடத்தல்

வைரஸின் ஆர்.என்.ஏ.வை உணர்ந்து இன்டர்ஃபெரான் உற்பத்தியைத் தூண்டும் புரதம் இது. 2020-இல் நெதர்லாந்தில், இரு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் கொரோனாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். குடும்பத்துக்கு இருவராக, சகோதரர்கள். நால்வருக்கும் டி.எல்.ஆர்.7 மரபணுவில் அரிய குறைபாடு இருந்தது. இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் ஈடுசெய்ய வேறு நகல் இல்லை. பால் நிர்ணயப் படத்தை வரைந்து, தாய்க்கு ஏன் பாதிப்பு வரவில்லை என்று மாணவர்களையே விளக்கச் சொல்லலாம்.

கவனம் தேவைப்படும் இடம்

இப்பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவன், "எங்க பரம்பரைக்கே காய்ச்சல் வராது டீச்சர்" என்றான். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தனியே வந்து, "அப்பாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வருமா?" என்று கேட்டாள். கொரோனாவில் தந்தையை இழந்தவள் அவள். முதல் பேச்சு வீண் பெருமை, இரண்டாவது வீண் அச்சம். இரண்டுக்கும் நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

அவளிடம் அட்டைகளையே எடுத்துக் காட்டினேன். அப்பாவிடமிருந்து வந்தது பாதி. மீதி அம்மாவிடமிருந்து வந்தது. அவள் யாருடைய நகலும் அல்லள். மேற்சொன்ன அரிய குறைபாடுகளைத் தவிர, ஒரு தனி மரபணு ஒருவரின் முடிவை எழுதிவிடுவதில்லை.

ஆசிரியர்களுக்கு மூன்று பரிந்துரைகள்:

• செயல்பாட்டுக்கு அட்டைகளையே பயன்படுத்துங்கள். மாணவர்களின் குடும்ப நோய் விவரங்களை வகுப்பில் கேட்க வேண்டாம்.

• மரபணு வேறுபாட்டைச் சாதி, குலம், "நல்ல இரத்தம்" போன்ற பேச்சுகளோடு இணைக்க இடம் தராதீர்கள். உடன்பிறந்தோரே வேறுபடுகிறார்கள் என்பதை அட்டைகள் காட்டிவிட்டன.

• தடுப்பூசியோடு பாடத்தை முடியுங்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது தடுப்பூசியால்தான். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியும் குழந்தையின் பரம்பரையைப் பார்த்துப் போடப்படுவதில்லை.

எச்.எல்.ஏ. வடிவங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால்தான் ஒரே வைரஸ் எல்லோரையும் ஒரே விதத்தில் ஏமாற்ற முடிவதில்லை. இந்த வேற்றுமை சமுதாயம் முழுமைக்கும் ஒரு பாதுகாப்பு என்ற புரிதலோடு மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினால், இரண்டு பாடங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று பொருள்.