இதயத்தின் ஒருநாள் குறிப்பு

நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவரிடம் செல்கிறோம். அங்கே சென்றதும் படபடப்பு நின்றுவிடுகிறது, ஈ.சி.ஜி. எடுத்தால் குறை ஒன்றும் தெரிவதில்லை. இதில் வியப்பில்லை. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஈ.சி.ஜி. பதிவதோ வழக்கமாக 10 விநாடி. அதாவது, சுமார் 12 துடிப்புகளே. வந்து மறையும் கோளாறு அதற்குள் எப்படி அகப்படும்?

இக்குறையைப் போக்க வழி கண்டவர் அமெரிக்க அறிவியலார் நார்மன் ஹோல்டர். 1940-களில் அவர் அமைத்த முதற்கருவி ஏறத்தாழ 38 கிலோ எடை. முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. 1961-இல் தம் முறையைச் 'சயன்ஸ்' இதழில் விளக்கினார். அவர் பெயர் பெற்ற கருவி இன்று உள்ளங்கையில் அடங்கும். மார்பில் ஒட்டிய மின்வாய்கள் வழியே, 24 அல்லது 48 மணி நேரத் துடிப்பை அது வீட்டிலேயே பதிகிறது.

அணிபவர் நிலை யாது? ஒட்டிய இடம் அரிக்கும். புரண்டு படுத்தால் கம்பி இழுக்கும். கம்பியுள்ள கருவியானால் குளிக்கவும் கூடாது. இவற்றினும் பெரிய இடர் அச்சம். கருவி கெட்டுவிடுமோ என்று அஞ்சிக் கட்டிலிலேயே கிடப்போர் உண்டு. அதனால் சோதனையின் பயன் குறையும். மருத்துவர் காண விரும்புவது, வழக்கமான வாழ்வில் இதயம் நடந்துகொள்ளும் விதத்தை. நாள்தோறும் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடப்பவர், மருத்துவர் தடுத்தாலன்றி, அன்றும் நடக்க வேண்டும்.

கருவியோடு ஒரு குறிப்புத்தாளும் தருவர். கருவிக்குத் துடிப்பு தெரியும். தலை சுற்றியது தெரியாது. இரவு 2-10க்குத் தலை சுற்றிற்று என்று எழுதினால், அந்நேரத்துப் பதிவை மருத்துவர் ஆராய்வார். துடிப்பு பிறழ்ந்திருந்தால் காரணம் வெளிப்படலாம். சீராக இருந்தால் அதுவும் செய்தியே. காரணத்தை வேறிடத்தில் தேடலாம்.

என் பெரியப்பா மைசூருக்கு வந்து இக்கருவியை அணிந்தபோது, குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழன்றி வேறறியாத அவர் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டார். படபடப்பு இருமுறை வந்தது. எந்நேரம் என்று மறுநாள் சொல்ல இயலவில்லை. சோதனையை மீண்டும் செய்ய நேர்ந்தது. அம்முறை தமிழிலேயே எழுதினார். நான் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன்.

ஒன்றை மறக்கலாகாது. ஹோல்டர் கருவி பதிவு செய்யுமேயன்றி, பொதுவாக யாரையும் உதவிக்கு அழைக்காது. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், கருவி இருக்கிறதே என்று வாளாவிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நண்பர்களே! சிகிச்சைக்காக ஊரிலிருந்து வரும் நம் பெரியவர்களிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுப்போம். நேரத்தையும், செய்துகொண்டிருந்த வேலையையும், உடலில் உணர்ந்ததையும் தமிழிலேயே எழுதச் சொல்வோம். மொழிபெயர்க்க நாம் இருக்கிறோம்.