சினிமா படிக்கப் போகிறீர்களா? எந்தப் பிரிவு என்று முதலில் சொல்லுங்கள்

சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததுமே ஒரு சிக்கல் வரும். அதில் ‘சினிமா’ என்று ஒரு பிரிவு கிடையாது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கமும் திரைக்கதையும், படத்தொகுப்பு, அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும், டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை) என்று தனித்தனியாக இருக்கும். ப்ளஸ் டூ முடித்த கையோடு, 17 வயதில், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலர் யோசிக்காமல் சொல்வது இயக்கம். இடம் கிடைப்பதற்கு அடிதடி அதில்தான். படித்து முடித்த பிறகு ‘ஆள் வேண்டும்’ என்று யாரும் கூப்பிடாத பிரிவும் அதுதான்.

இயக்குநர் என்பது ஆள் எடுக்கும் பதவி இல்லை. யாராவது ஒரு தயாரிப்பாளர் உங்கள் கதையை நம்பிப் பணம் போடும் நாளில்தான் நீங்கள் இயக்குநர். அதுவரை உதவி இயக்குநர், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதுபவர். எடிட்டர், சவுண்ட் இன்ஜினியர், கேமரா உதவியாளர், கலரிஸ்ட் ஆகியோரின் பிழைப்பு வேறு மாதிரி. படம் இல்லாத மாதத்தில் அவர்களுக்கு விளம்பரம் இருக்கும், சீரியல் இருக்கும், வெப் சீரிஸ் இருக்கும், கம்பெனிகளுக்கான வீடியோ இருக்கும். கல்யாண வீடியோவைக் கேவலமாக நினைக்காதவர்களுக்கு அதுவும் இருக்கும். இயக்கம் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. படித்தால், கூடவே கையில் ஒரு தொழில் இருக்கட்டும். எடிட் செய்யத் தெரிந்த உதவி இயக்குநரை யாரும் லேசில் விடமாட்டார்கள்.

என்னைக் கேட்டால், ஒலிப்பதிவுக்குத்தான் முதல் சிபாரிசு. மாணவர் குறும்படங்களைப் போட்டுப் பாருங்கள். ஒளிப்பதிவு பெரும்பாலும் பிரமாதமாக இருக்கும். கேமராக்கள் இப்போது அவ்வளவு நல்லவை. வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். ஒரு ஷாட்டில் ஃபேன் சத்தம், அடுத்த ஷாட்டில் அது இல்லை. வெட்டு விழும் இடமெல்லாம் காதில் இடறும். இதற்கு மருந்து மிகச் சாதாரணம். ஒவ்வொரு லொகேஷனிலும் ஷூட் முடிந்ததும் அரை நிமிடம் யாரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘ரூம் டோன் எடுக்கிறோம், யாரும் நகராதீங்க’ என்று பூம் மைக் பிடித்திருப்பவர் கத்துவார். பசியில் இருக்கும் யூனிட் அவரைத் திட்டும். எடிட் டேபிளில் அந்த அரை நிமிடம்தான் வெட்டுகளை மூடும். இதைப் பிடிவாதமாகச் செய்யும் ஆட்கள் குறைவு; அதனால் தேவை அதிகம். 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தவர்.

இனி எங்கே படிப்பது. தரமணியில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. பழைய ஆட்கள் இன்னும் ‘அடையாறு இன்ஸ்டிட்யூட்’ என்றுதான் சொல்வார்கள், ஒளிப்பதிவாளர்கள் பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் எல்லாம் அங்கே படித்தவர்கள். கட்டணம் தனியார் இடங்களோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற பிரிவுகளுக்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் கேட்பது வழக்கம். பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போதே இதை மனதில் வையுங்கள், அந்தந்த ஆண்டு அறிவிப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டாவது வழி விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன். கலைக் கல்லூரிகளில் மூன்று ஆண்டு பி.எஸ்ஸி. ஓவியம், புகைப்படம், விளம்பரம், கிராஃபிக்ஸ், கொஞ்சம் குறும்படம் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போகும். எது பிடிக்கும் என்று தெரியாதவருக்கு நல்லது. எது வேண்டும் என்று தெரிந்தவருக்கு இரண்டாம் ஆண்டிலேயே சலிப்புத் தட்டும்.

மூன்றாவது, ஏதோ ஒரு பட்டம் முடித்துவிட்டு புனே அல்லது கொல்கத்தா. புனேயில் பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் 1960இல் தொடங்கிய எஃப்.டி.ஐ.ஐ., கொல்கத்தாவில் 1995இல் வந்த சத்யஜித் ரே நிறுவனம், இரண்டும் மத்திய அரசுடையவை. நுழைவுத் தேர்வு உண்டு, முக்கியப் படிப்புகள் மூன்று ஆண்டு. மட்டக்களப்பிலிருந்து போய் புனேயில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்தவர்தான் பாலு மகேந்திரா. கொல்கத்தாவில் தயாரிப்புக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. பட்ஜெட், ஷெட்யூல், ஒப்பந்தம் மூன்றும் தெரிந்த ஆள் எந்த யூனிட்டிலும் அபூர்வம், ஆனாலும் நம் பிள்ளைகள் இந்தப் படிப்பின் பக்கம் அதிகம் போவதில்லை. இவை தவிர எல்.வி. பிரசாத் அகாடமி, ராஜீவ் மேனனின் மைண்ட்ஸ்கிரீன் போன்ற தனியார் இடங்கள் சென்னையில் உண்டு. தனியாரில் கட்டணம் லட்சங்களில் போகும். கடன் வாங்கிச் சேர்வதாக இருந்தால், சினிமாவில் முதல் சில ஆண்டுகளுக்கு இ.எம்.ஐ. கட்டும் அளவுக்கு வருமானம் வராது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சேரும் முன் கல்லூரியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஓப்பன் டே அன்று போகாதீர்கள். அன்று எல்லாம் பளபளப்பாக இருக்கும். சாதாரண ஒரு புதன்கிழமை போங்கள். உபகரண அறை எங்கே என்று கேளுங்கள். கேமரா அலமாரியில் பூட்டியிருந்தால் சாவி யாரிடம், ஒரு மாணவன் அதை வெளியே எடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள். ‘எங்களிடம் அலெக்ஸா இருக்கிறது, ரெட் இருக்கிறது’ என்று விலையுயர்ந்த சினிமா கேமராக்களின் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு இரண்டு நாள் காட்டப்படும் அலெக்ஸாவைவிட, வாரம் முழுக்கக் கையில் புழங்கும் சாதாரண மிரர்லெஸ் கேமரா எவ்வளவோ மேல்.

அடுத்த கேள்வி, படிப்பு முடிவதற்குள் எத்தனை படம் ‘முடித்திருப்பேன்’ என்பது. எடுத்திருப்பேன் அல்ல. எடிட், மிக்ஸிங், கலர், டைட்டில் எல்லாம் ஆகி ஒரு ஹாலில் மற்றவர்கள் முன்னால் ஓடிய படம். பல இடங்களில் ஷூட் செய்த கையோடு ஆர்வம் வடிந்து, ஃபுட்டேஜ் ஹார்ட் டிஸ்கில் தூங்கிக்கொண்டிருக்கும். மாணவர் படங்களைத் தியேட்டரில் போட்டு ஆசிரியர்கள் கிழிக்கிறார்களா, இல்லை கைதட்டி அனுப்பிவிடுகிறார்களா என்று விசாரியுங்கள். இதையெல்லாம் அலுவலகத்தில் கேட்காதீர்கள். வாசலில் இருக்கும் டீக்கடையில் கடைசி ஆண்டு மாணவர்கள் நிற்பார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மொத்த வண்டவாளமும் வந்துவிடும்.

‘கிழிப்பது’ ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சினிமாவுக்கென்று நொடிக்கு 24 ஃபிரேமில், ஷட்டரை வழக்கமான 180 டிகிரியில் வைத்து எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும். விளக்கின் துடிப்போடு அது ஒத்துப்போகாமல், சுவரில் லேசாக ஒரு அலை ஓடும். ஷட்டரை 172.8 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அது 50இல் ஒரு பங்காகி, அலை நின்றுவிடும். இதை யூடியூபில் மூன்று நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாமே என்பீர்கள். தாராளமாக. ஆனால் கேமராவின் சின்னத் திரையில் அந்த அலை தெரியாது. பெரிய திரையில் போட்டு, பின்வரிசையிலிருந்து ஒரு ஆசிரியர் ‘அந்தச் சுவர் ஏன் நடுங்குது?’ என்று கேட்கும்போதுதான் தெரியும். மறுநாள் காலை அதே இடத்துக்கு மறுபடி அனுமதி வாங்கி, அதே நடிகரை அதே சட்டையோடு வரவழைத்து எடுத்தவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். கல்லூரிக்குக் கட்டும் பணம் இதற்குத்தான்: தப்பு செய்வதற்கு இடமும், அது தப்பு என்று சொல்வதற்கு ஆளும்.

டேட்டா விஷயமும் இப்படியே. கேமராவின் மெமரி கார்டை ஃபார்மேட் செய்வதற்கு முன் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் காப்பி, இரண்டும் இரண்டு பேரின் பையில். முதல் ஆண்டிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும்.

தொலைக்காட்சியை ‘சினிமா கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்குபவர்கள்தான் அதிகம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மாதச் சம்பளம், பி.எஃப்., ஐ.டி. கார்டு மூன்றும் வேண்டுமென்றால் சேனல்தான். வேலையும் லேசுப்பட்டதல்ல. லைவ் நிகழ்ச்சி நடக்கும்போது பி.சி.ஆர். எனப்படும் கட்டுப்பாட்டு அறைக்குள் ஒருமுறை நின்று பாருங்கள். ஸ்விட்சரில் ஒருவர் கேமராக்களை மாற்றிக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஆடியோ, அடுத்து கிராஃபிக்ஸ், பிராம்ப்டர். புரொடியூசர் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, தொகுப்பாளரின் காதில் ‘இன்னும் 20 செகண்ட்’ என்பார். ரீடேக் கிடையாது. சீரியல் யூனிட்டில் வேகம் இன்னொரு ரகம். ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு எபிசோடுக்கான காட்சிகளை எடுத்துத் தள்ளுவார்கள். லைட்டிங்கை வேகமாக முடிக்க, கன்டினியூட்டியைத் தலையிலேயே வைத்திருக்க அங்கே கற்றவர், பிறகு எந்தப் படத்துக்குப் போனாலும் திணறமாட்டார். புனேயில் தொலைக்காட்சிப் பிரிவுக்கென்றே ஓராண்டுப் படிப்புகள் இருக்கின்றன. பட்டம் முடித்தவர்கள் அதைப் பார்க்கலாம்.

திரைப்படக் கல்லூரியே இல்லாமல் வந்தவர்கள் இல்லையா? நிறைய. நலன் குமரசாமியும் கார்த்திக் சுப்புராஜும் ‘நாளைய இயக்குநர்’ தொலைக்காட்சிப் போட்டியில் குறும்படம் எடுத்துக் காட்டி வந்தவர்கள். கார்த்திக்கின் ‘பீட்சா’ 2012, நலனின் ‘சூது கவ்வும்’ 2013. வெற்றிமாறன் லயோலாவில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர். பாலு மகேந்திராவிடம் சேர்ந்துதான் தொழில் கற்றார். ஆகவே பட்டம் கட்டாயமில்லை. ஆனால் 1986இல் வந்த ‘ஊமை விழிகள்’ படத்தை யோசித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் ஆபாவாணனும் இயக்குநர் அரவிந்த்ராஜும் திரைப்படக் கல்லூரி நண்பர்களும் சேர்ந்து, ஒரு கூட்டமாக உள்ளே நுழைந்த படம் அது. தனியாளாகக் கதவைத் தட்டுவதற்கும், கேமராமேன், எடிட்டர் சகிதம் போய் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. அதனால் விடுதியில் யாரோடு அறையைப் பங்கிடுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். உங்கள் படத்துக்கு ஐந்து மணிக்கு எழுந்து வருபவன் யார், அவன் படத்துக்கு நீங்கள் போனீர்களா என்பதெல்லாம் பத்து வருடம் கழித்தும் பேசப்படும்.

முதல் வேலை பற்றி. உதவி இயக்குநருக்குத் தொடக்கத்தில் பல இடங்களில் சாப்பாடும் பேட்டாவும்தான். எவ்வளவு, எப்போது என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட்டால் கடைசிவரை கேட்க முடியாது. ஷோ ரீல் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். நீங்கள் செய்த வேலை எது என்று அதில் தெளிவாக எழுதுங்கள். அடுத்தவன் லைட்டிங் செய்த ஷாட்டை உங்கள் ரீலில் வைத்தால், பார்ப்பவர் அதை எங்கேயாவது ஏற்கெனவே பார்த்திருப்பார். இந்தத் தொழில் அவ்வளவு சின்னது. தமிழ்ப் படங்களில் தொடர்ந்து வேலை செய்ய, திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் கீழ் உள்ள உங்கள் துறைச் சங்கத்தின் கார்டு தேவைப்படும். அதற்கான தகுதியும் கட்டணமும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். கடைசி ஆண்டிலேயே விசாரித்து வையுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருவார்கள். கம்பெனி அனுப்பும் வண்டியும் பணியிடம்தான். மலையாள சினிமாவில் பெண்களின் நிலை பற்றி கேரளத்தில் 2024இல் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கைக்குப் பிறகு, இதைக் கேட்டால் முறைத்துப் பார்ப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது. குழுவில் யார் யார் என்று முதல் நாளே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் கம்பெனியை அந்தத் தடுமாற்றத்தை வைத்தே எடை போடலாம்.

கடைசியாக, படிப்பின் முடிவில் எடுக்கும் டிப்ளமோ படத்தின் காகிதங்கள். பின்னணியில் ஓடும் பிரபலப் பாட்டுக்கு உரிமை வாங்காமல் திரைவிழாவுக்கு அனுப்பினால், தேர்வான பிறகு தூக்கத்தைத் தொலைக்க வேண்டியிருக்கும். நண்பன் ஒருவனை இசையமைக்கச் சொல்லுங்கள். படத்தின் உரிமை உங்களுடையதா, கல்லூரியுடையதா என்று சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கும், படித்துப் பாருங்கள். நடித்தவர்களிடம் ஒப்புதல் கையெழுத்தை ஷூட்டிங் அன்றே வாங்கிவிடுங்கள். நாலு வருடம் கழித்து அந்த நண்பர் ஹீரோவாகியிருந்தால், கையெழுத்துக்கு அவருடைய மேனேஜரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்க வேண்டிவரும்.