ஹேண்டிகேம் கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

பழைய ஹேண்டிகேம் வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெரும்பாலும் கேசட்டுக்கு முன்பே கேமராதான் செத்துப்போகிறது என்பதை. 1990களின் வீடியோ8, ஹை8, விஎச்எஸ்-சி கேமராக்களில் கெப்பாசிட்டர்கள் கசிகின்றன, ரப்பர் பாகங்கள் இளகிப்போகின்றன. இவற்றுக்குப் புது உதிரி பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. உங்கள் கேமரா இன்றைக்கு ஓடுகிறது என்றால், மாற்றும் வேலையைத் தீபாவளிக்குப் பிறகு, பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள்.

கேமராவின் பேட்டரி போயிருந்தால் புதிதாகத் தேடி அலைய வேண்டாம், அடாப்டர் போதும். அதுவும் தொலைந்திருந்தால், கேமராவில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டேஜுக்குச் சரியாகப் பொருந்துவதை வாங்குங்கள்.

முதலில் கேசட்

கேசட்டின் சிறு ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூலாம்படை போன்ற படலமோ தெரிந்தால் அது பூசணம். நம் ஊர்க் கடலோர ஈரத்தில் இது சகஜம். அந்தக் கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அவற்றைத் தனியே எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுத்தமான கேசட்டில் அழிப்புத் தடுப்பைப் போட்டுவிடுங்கள். வீடியோ8, ஹை8 கேசட்டின் முதுகில் நகரும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும்; சிவப்பு தெரியும்படி அதைத் தள்ளினால் மேலே எதுவும் பதியாது. கைதவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தி, தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மேல் வீட்டுச் சுவரைப் பதிவு செய்துவிட்டால் திரும்பப் பெற வழியே இல்லை. பிறகு ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த நாடா சீராகச் சுற்றிக்கொள்ளும்.

என்ன வாங்குவது

மடிக்கணினியில் உள்ள எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறு பெட்டியை வாங்கி அதில் செருகினால் ஒன்றும் வராது. இந்தப் பெட்டியில் பலர் காசை விடுகிறார்கள். அவற்றில் பல, 4:3 படத்தை 16:9க்கு இழுத்து ஆட்களைக் குண்டாக்கியும் விடும்.

தேவை, யுஎஸ்பியில் செருகும் அனலாக் வீடியோ கேப்சர் சாதனம். ஈசிகேப் என்ற பெயரில் விற்பவற்றில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெவ்வேறு சிப் இருக்கும். உங்கள் விண்டோஸுக்கோ மேக்குக்கோ ஒத்துவருமா என்று கேட்டு, மாற்றித் தரும் கடையில் வாங்குங்கள். எஸ்-வீடியோ துளை இருப்பதாகப் பார்ப்பது முக்கியம். ஹை8 கேமராக்கள் பலவற்றில் நான்கு ஊசி கொண்ட வட்டமான எஸ்-வீடியோ துளை உண்டு. அது வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புவதால் ஓரங்கள் துல்லியமாக வரும். மஞ்சள் வயரில் இரண்டும் கலந்தே போகும்.

டிஜிட்டல்8 கேமரா கிடைத்தால் இந்தச் சாதனமே வேண்டாம். பழைய ஹை8 கேசட்டையும் ஓட்டும் மாடல்கள் அதில் உண்டு. ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினியில் நேரே இறக்கலாம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும்.

இணைப்பு

கேமராவை விசிஆர் அல்லது பிளேயர் நிலைக்கு மாற்றுங்கள். எஸ்-வீடியோ போட்டால் மஞ்சளை விட்டுவிடலாம். ஆனால் எஸ்-வீடியோவில் சத்தம் வராது. வெள்ளையும் சிவப்பும் கட்டாயம் வேண்டும். கேமராவிலிருந்து ஒற்றை 3.5 மி.மீ. பின் வழியாக வயர் வந்தால், கம்பெனிக்குக் கம்பெனி உள்ளிணைப்பு மாறும். படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால், மஞ்சள் துளையில் சிவப்பு அல்லது வெள்ளைப் பின்னைச் செருகிப் பாருங்கள்.

சோனி கேமராக்களின் மெனுவில் ‘டிஸ்ப்ளே’யை ‘எல்சிடி’ என்று வையுங்கள். இல்லாவிட்டால் டேப் கவுண்டரும் பேட்டரிக் குறியும் படத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும். ‘டிபிசி’ என்று ஒன்று இருந்தால் ஆன் செய்யுங்கள், கோணல்மாணலான கோடுகள் நேராகும்.

கணினியில்

இலவசமான ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும். ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ சேர்த்து, அதன் அளவைக் கஸ்டம் ஆக்கி 720×576 கொடுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், வளைகுடாவில் வாங்கிய கேமராவுக்கு இந்தப் பிஏஎல் அளவு. அமெரிக்கா, கனடாவில் வாங்கியது என்டிஎஸ்சி: 720×480, நொடிக்கு 29.97 படம். கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் பிஏஎல், என்டிஎஸ்சியை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அனலாக் படம் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதிகளாக வரும். கணினித் திரையில் கை அசையும்போது ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிவது அதனால்தான். சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து டீஇன்டர்லேஸிங்கில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுங்கள். அசைவு முன்னும் பின்னும் குதித்தால் ஃபீல்டு வரிசையை ‘டாப்’இலிருந்து ‘பாட்டம்’ ஆக்குங்கள். பிஏஎல் என்றால் செட்டிங்ஸில் வீடியோ அளவு 768×576, வேகம் 50 கொடுத்து, படத்தை அந்த அளவு நிரம்ப இழுத்துவிடுங்கள். அப்போதுதான் 4:3 விகிதம் சரியாக இருக்கும். படத்தின் அடியில் சில கோடுகள் துடிப்பது கேமராவின் பழுதல்ல. பழைய டிவி அந்த ஓரத்தை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்டால் அது மோனோ கேமரா. ஆடியோ அமைப்பில் ‘மோனோ’வை டிக் செய்யுங்கள். பதிவு வடிவமாக எம்கேவியை வையுங்கள்: நடுவில் கரன்ட் போனாலும் அதுவரை பதிந்தது தப்பும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். நொடிக்கு 8 மெகாபிட் கொடுத்தால் மணிக்கு 3.6 ஜிபி, குடும்ப வீடியோவுக்குத் தாராளம்.

கணினி தூங்கிவிடாதபடி பவர் அமைப்பை மாற்றுங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேரடியாகச் செருகுங்கள். முக்கியமில்லாத கேசட் ஒன்றில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, உதடும் சத்தமும் ஒத்துப்போகிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகு, மிக முக்கியமான கேசட்டை முதலில் போடுங்கள். கேமரா எந்தக் கேசட்டோடு நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது.

கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கேமராவை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், அதற்குள் ஒரு கேசட் மாட்டியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.