மூங்கில் கத்தி எடுக்கும் பேத்திக்கு

கண்ணு, நம்ம ஜவ்வாது மலைக் கைவேலையையும் புதுக் கலையையும் சேர்த்துச் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். நானும் நாற்பது வருஷம் அதைத்தான் செய்தேன். பாதி நாள் தப்பாகச் செய்தேன். அந்தத் தப்புகளை உனக்குச் சீராகத் தருகிறேன், வாங்கிக்கொள்.

1. முதலில் ஒரு கூடையை முழுசாக முடை. படம் வரையத் தெரிந்த திமிரில் நான் அதைக் கற்கவில்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பாட்டியிடம் தானியம் கொட்டிவைக்கும் பழைய மூங்கில் தொம்பையை வாங்கி, பாதியாக அறுத்துப் பலகையில் ஒட்டி, மேலே செப்புத் தகடு அடித்துக் கண்காட்சியில் வைத்தேன். நல்ல பாராட்டு. பாட்டியிடம் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல சாமைய எங்கடா கொட்டுறது?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். மறுமாசம் அவள் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். விளிம்பு கட்டப் பழகவே இரண்டு மழைக்காலம் ஆனது.

2. மூங்கிலுக்காகக் காத்திரு. மழை ஓய்ந்த பின் தேய்பிறையில் வெட்டு என்பார்கள் பெரியவர்கள். பிறையைக் கேட்டு நீ சிரித்தாலும் சரி, வெட்டியதை வாரக்கணக்கில் ஓடைத் தண்ணீரில் ஊறப்போட மறக்காதே. தண்டில் இருக்கும் மாவுச்சத்து கரைந்தால்தான் வண்டு அண்டாது. ஊறாத மூங்கிலில் நான் செய்த பெரிய வேலை ஒன்று, வாங்கியவர் வீட்டுச் சுவரிலிருந்து ஆறே மாதத்தில் மாவாக உதிர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

3. மலைக்காரி என்று காட்டிக்கொள்ளப் பாடுபடாதே. ஒரே படைப்பில் தேன்கூடு, பறை, ஏர் எல்லாம் திணித்திருக்கிறேன். சந்தைக்கடை மாதிரி இருந்தது. பி.வி. ஜானகிராமின் சிற்பங்களைப் போய்ப் பார். செப்புத் தகட்டைத் தட்டி, மேலே கம்பிக் கோடுகளைப் பற்றவைத்தவை. கோயிலில் சாமிக்குச் சாத்தும் கவசம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவை கவசம் அல்ல. வேர் உள்ளே இருந்தால் போதும், அதைப் பிடுங்கி வெளியே காட்ட வேண்டியதில்லை.

4. முறம் விற்றுச் சாப்பிட வெட்கப்படாதே. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், பாத்திக் துணியும் கைவினையும் விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள்.

5. ஊரின் அழகை மட்டும் பார்க்காதே, குப்பையையும் பார். எல் அனட்சுயி என்று ஒருவர், கானாவில் பிறந்து நைஜீரியாவின் நுசுக்காவில் பாடம் நடத்தியவர். மது பாட்டிலின் அலுமினிய மூடிகளைத் தட்டி, செப்புக் கம்பியால் கோத்துச் சுவர் நிறையத் தொங்கவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அவர் நாட்டுக் கென்டே நெசவு தெரியும். ஆப்பிரிக்காவுக்கு மது கப்பலில் வந்திறங்கிய கதையும் தெரியும். 2015இல் வெனிஸில் வாழ்நாள் சாதனைக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தார்கள். நம்ம மலைப் பீமன் அருவிக்கு வருகிறவர்கள் என்னென்ன விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து கவனி. உன் வயசில் எனக்கு இது தோன்றவே இல்லை.

6. பெயரை விழுங்காதே. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து விழுந்த கருந்தேவகத்தியின் பெயர் அதில் இருக்கிறது. கள்ளரைக் கடித்து நின்ற அவன் நாய் கோவிவன் பெயரும் இருக்கிறது. நாய்க்குக் கொடுத்த மரியாதையை நான் அந்தப் பாட்டிக்குக் கொடுக்கவில்லை. அவள் முடைந்த நாலு தொம்பைகள் என் பெயரில் விலைபோயின. "அப்புறம் தர்றேன் பாட்டி" என்றேன். பணத்தோடு மலையேறியபோது அவள் இல்லை. உன்னோடு முடைகிறவளின் பெயரை உன் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடு. பங்கை அன்றைக்கே கையில் கொடு.

பாட்டியின் மகள் அதே வீட்டில்தான் இருக்கிறாள், அவளும் முடைகிறாள். தை பிறந்ததும் வா, கூட்டிப்போகிறேன். கத்தி வாங்க வேண்டாம், என்னுடையது இருக்கிறது.