"பரவாயில்லைங்க" என்று சொல்லாதீர்கள்! நம் வேதனைக்கும் கணக்கு வேண்டும்



ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில் என்ன? "பரவாயில்லைங்க." ராத்திரியெல்லாம் வலியில் தூங்காமல் கிடந்ததையும், தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்ததையும் சொல்ல மாட்டோம். பின்னால் கூட்டம் நிற்கிறது. சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

மெஷினுக்குத் தெரியாதது

பி.பி.யைக் கருவி சொல்லும். சுகரை ரத்தப் பரிசோதனை சொல்லும். வலி, அசதி, குமட்டல், மனச்சோர்வு இவற்றை எந்த மெஷினும் சொல்லாது. எக்ஸ்ரேயில் ஒரே மாதிரி மூட்டுத் தேய்மானம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் வயல் வேலைக்குப் போவார்; இன்னொருவரால் படி இறங்க முடியாது. அனுபவிக்கிறவர் சொன்னால்தான் தெரியும்.

இதற்காகவே நோயாளி தானே பதில் சொல்லி மதிப்பெண் போடும் கேள்வித்தாள்கள் வந்துள்ளன. முழங்கால் வலிக்கான ஆக்ஸ்போர்டு கேள்வித்தாள் 1998-இல் வெளியானது. 12 கேள்விகள். கடந்த 4 வாரங்களில் படி இறங்க முடிந்ததா? தனியாகக் கடைக்குப் போய் சாமான் வாங்க முடிந்ததா? இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்ததா? இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2009-லிருந்து மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் இதைக் கேட்டு வருகிறது. ஆபரேஷன் நல்லபடியா முடிந்ததா என்று, நடக்கிறவரும் சொல்ல வேண்டுமல்லவா?

சொன்னதால் என்ன பலன்?

நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், நோய் முற்றிய நிலையில் கீமோதெரபி எடுத்த 766 பேரிடம் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர் தங்களுக்கு உள்ள 12 வகைத் தொந்தரவுகளை அவ்வப்போது கம்ப்யூட்டரில் தாங்களே பதிந்தார்கள். தொந்தரவு அதிகமானால் நர்ஸுக்கு உடனே தகவல் போகும். மற்ற பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2017-இல் வந்த முடிவைப் பாருங்கள்: பதிந்தவர்களில் பாதிப்பேர் 31 மாதங்களுக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் அது 26 மாதங்கள்தான். இதற்கென்று புது மருந்து கொடுக்கவில்லை. சொன்னார்கள், கேட்டார்கள், உடனே கவனித்தார்கள். அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

1. வலிக்கு எண் கொடுங்கள். வலியே இல்லை என்றால் 0; தாங்கவே முடியாத வலி என்றால் 10.
2. எந்த வேலை தடைப்படுகிறது என்று சொல்லுங்கள். "குத்துக்கால் போட்டு உட்கார முடியல" என்பது டாக்டருக்கு உதவும் பதில்.
3. வாரம் ஒரு நாள், அதே கேள்விக்குப் பதிலை எழுதி வையுங்கள். குழுக் கூட்டம் நடக்கும் நாளே நல்லது. சேமிப்பை மனக்கணக்காக வைப்போமா? இதுவும் அப்படித்தான்.
4. எழுதத் தெரியாதவருக்கு மகளோ ஊக்குநரோ எழுதலாம். ஆனால் பதில் அவருடையதாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரோ மாமியாரோ "அவளுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லக் கூடாது.
5. டாக்டரைப் பார்த்ததும் முதலில் நோட்டைக் காட்டுங்கள். "போன மாசம் 8, இப்ப 5" என்றால் மருந்து கேட்கிறதா என்று அவருக்குப் புரியும்.

கவனிக்க

எண்ணை வைத்து நாமே மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், அதிக ரத்தப்போக்கு என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். "வாழவே பிடிக்கல" என்று தோன்றினால் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் குழுப் பெண்களே வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது நோட்டையும் காட்டுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச

• டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படும் தொந்தரவுகள் எவை? ஏன்?
• நம் குழுவில் நீண்ட நாள் வலியோடு இருப்பவர் யார்? அவருக்கு நோட்டு எழுத யார் உதவுவது?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம். அவரவர் உடம்பு விஷயம் அவரவருக்கே சொந்தம்.